வீட்டு மீன் தொட்டிக்கு வெள்ளைக் கல்லா, கருங்கல்லா?



மும்பை தாராவியில் வாழும் ஒரு சகோதரி நம் இதழுக்கு நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருந்தார். அவர்கள் குடியிருப்பது மாடியிலுள்ள ஒற்றை அறை வீடு. பக்கத்து வீட்டுக் குடும்பம் ஊருக்குத் திரும்பியபோது இரண்டடி நீளமுள்ள கண்ணாடி மீன் தொட்டியொன்றை இவர்களுக்குக் கொடுத்துச் சென்றது. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன், பிறந்தநாளுக்குப் புதுத்துணி வேண்டாம், மீன்கள் போதும் என்று கேட்டிருக்கிறான். கடைக்காரர் வெள்ளையும் நீலமும் கலந்த கலர் கற்களை ஒரு பை கொடுத்து, எட்டு நியான் டெட்ராக்களையும் நான்கு ரோசி பார்ப்களையும் விற்றார். கடையில் செக்கச்செவேல் என்றிருந்த மீன்கள் வீட்டிற்கு வந்த சில நாட்களில் வெளுத்துப்போயின. ஃபில்டருக்குப் பின்னாலுள்ள மூலையில் ஒண்டிக்கொண்டு வெளியே வருவதில்லை. கிராஃபோர்டு மார்க்கெட்டில் விசாரித்தபோது, வெளிநாட்டுக் கருமண் போட்டால் நிறம் திரும்பும் என்றார்களாம். அதன் விலை அவர்கள் வீட்டில் ஒரு மாதத்துக் காய்கறிச் செலவைவிட அதிகம். தொட்டியை விற்றுவிடலாம் என்கிறார் கணவர். மகன் இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சீட்டுப் பணத்திலிருந்து எடுத்து அந்த மண்ணை வாங்கலாமா என்பது சகோதரியின் கேள்வி.

சீட்டுப் பணத்தைத் தொட வேண்டாம். மீன்களுக்கு இருண்ட தரை தேவை என்று கடைக்காரர் சொன்னது உண்மையே. ஆனால் அந்தத் தரைக்குரிய கல், மும்பையில் வீடு கட்டுகிற எந்தத் தெருவிலும் குவிந்து கிடக்கிறது.

முதலில் மீன் ஏன் வெளுக்கிறது என்பதைப் பார்ப்போம். மீனின் தோலில் நிறத்தைத் தாங்கும் நுண்ணிய செல்கள் உண்டு. கருநிற மணிகளைக் கொண்ட செல்களுக்கு மெலனோஃபோர் என்று பெயர். அம்மணிகள் செல்லின் நடுவில் ஒரு புள்ளியாகக் குவிந்துவிட்டால் மீன் வெளிறித் தோன்றும். செல் முழுவதும் பரவினால் நிறம் அடர்ந்து தோன்றும். இதை நடத்துவது பெரும்பாலும் மீனின் கண்ணே. மேலிருந்து வரும் ஒளியையும் கீழிருந்து திரும்பி வரும் ஒளியையும் கண் ஒப்பிடுகிறது. தரை வெண்மையானால் கீழிருந்தும் ஒளி வீசும். அப்போது நரம்பும் சுரப்பிகளும் மணிகளைக் குவிக்கக் கட்டளையிடும். வெண்மணலில் கருமையாகத் தெரிகிற மீனைக் கொக்கு எளிதில் கொத்திவிடுமல்லவா? மீனைப் பொறுத்தவரை வெளுப்பது ஓர் ஒளிந்துகொள்ளும் முறை. பிற்காலத்தில் தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து 1973-இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷ், தம் இளமையில் மின்னோ என்னும் சிறு ஆற்று மீனின் இந்த நிறமாற்றத்தைத்தான் ஆராய்ந்தார்.

இந்த மாற்றம் சில நிமிடங்களிலும் நடக்கும். ஆனால் வாரக்கணக்கில் வெண்தரை மேலேயே வாழ்கிற மீனின் தோலில் கருநிறச் செல்களின் எண்ணிக்கையே குறைந்துபோகும். ஆகவே தரையை மாற்றிய மறுநாளே கடையில் கண்ட நிறம் முழுவதும் வந்துவிடும் என்று எதிர்பார்க்கக்கூடாது. ஓரளவு உடனே வரும்; மீதி வருவதற்கு மூன்று நான்கு வாரங்கள் பொறுக்க வேண்டும்.

நிறத்தைவிட முக்கியமானது மீனின் அச்சம். நியான் டெட்ராவின் சொந்த இடம் தென் அமெரிக்காவில் அமேசான் நதியின் கிளையோடைகள். மரநிழலும் உதிர்ந்த இலைகளும் நிறைந்த, வெயில் அதிகம் விழாத நீர் அது. நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வாழும் மீன்களுக்கும் கருத்த பாறையும் இலைக்குப்பையுமே தரை. அப்படிப்பட்ட மீனைப் பளிச்சென்ற வெள்ளைக் கல்மேல் விட்டு, மேலே விளக்கையும் போட்டால், அதற்கு ஒளிய இடமில்லை. ஒளிய இடமில்லாத மீன் சரியாக உண்ணாது; உண்ணாத மீனுக்கு நோய் எளிதில் பற்றும். வீடு சந்திக்கச் செல்லும் இடங்களில் நான் காணும் தொட்டிகளில் பாதிக்குமேல் இந்த நீலமும் இளஞ்சிவப்புமான கற்களே கிடக்கின்றன. கண்ணைப் பறிப்பதற்காக விற்கப்படும் கற்கள் அவை. வாங்குகிறவருடைய கண்ணைத்தான் சொல்கிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மீன் வெளுப்பதற்குக் கல் மட்டுமே காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். மீன்கள் நீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, துடுப்புகளை உடலோடு ஒட்டி வைத்திருந்தாலோ, உடலில் வெண்புள்ளிகள் தோன்றினாலோ, குறை நீரில் இருக்கிறது. அதை முதலில் கவனியுங்கள். நீர் நலமாக இருந்தும், மீன்கள் நன்றாக மூச்சுவிட்டும், பயந்து வெளுத்திருந்தால்தான் தரையைப் பற்றிய பேச்சு.

இனி எதை வாங்கக்கூடாது என்பது. விலையுயர்ந்த வெளிநாட்டுக் கருமண் நல்ல பொருள்தான். ஆனால் அது செடி வளர்ப்பவர்களுக்காகச் செய்யப்பட்டது. சுட்ட மண் உருண்டைகளில் உரச்சத்து ஏற்றப்பட்டிருக்கும். புதிதில் பல வகைகள் சில வாரங்கள் அம்மோனியாவைக் கசியவிடும். ஆகவே உடனே மீன்களை விட முடியாது. ஆண்டுகள் செல்லச்செல்ல உருண்டைகள் நைந்து சேறாகும். திரும்ப வாங்க வேண்டும். நான்கு பார்ப் மீன்களுக்காக ஒரு குடும்பம் சில ஆயிரம் ரூபாயை அதில் போடுவதற்கு எந்த அவசியமும் இல்லை.

சாயம் பூசிய கறுப்புக் கல் மலிவாகக் கிடைக்கும். கொதிநீரில் ஒரு பிடி போட்டு ஒரு மணி நேரம் வைத்து, வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் வேண்டாம். தோட்டத்திற்கென விற்கும் பளபளப்பான கறுங்கூழாங்கற்களில் மெழுகோ எண்ணெயோ ஏற்றியிருப்பதுண்டு. கொதிநீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் அவற்றையும் ஒதுக்குங்கள். வெள்ளை மார்பிள் துண்டுகள் சுண்ணாம்புச் சத்தாலானவை. அவை மெல்லக் கரைந்து நீரைக் கடினமாக்கும், காரத்தன்மையும் ஏறும். மும்பைக்கு வரும் நீர் பாட்சா, தான்சா, வைதர்ணா முதலிய ஏரிகளிலிருந்து வரும் மென்னீர். டெட்ராக்களுக்கு அது மிகவும் ஏற்றது. அதில் மார்பிளைப் போட்டு நாமே ஏன் கெடுக்க வேண்டும்? ஆனால் கப்பி, மோலி ஆகிய மீன்கள் கடின நீரை விரும்புகிறவை. அவற்றை மட்டும் வளர்ப்பவர்கள் மார்பிளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

நம்மில் பலர் நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கடற்கரைக் கருமணலை ஒரு பையில் அள்ளி வந்தால் என்ன என்று சிலருக்குத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். மணவாளக்குறிச்சி முதலான கரைகளின் கருமணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் ஆகியவற்றோடு மோனசைட்டும் கலந்திருக்கிறது. மோனசைட்டில் தோரியம் உண்டு. அது கதிரியக்கப் பொருள். குழந்தைகள் படுத்துறங்கும் ஒற்றை அறையில் பத்துக் கிலோ வைக்கத்தக்க பொருளல்ல. அனுமதியின்றி அள்ளுவது சட்டத்திற்கும் விரோதம். தேரிக்காட்டுச் செம்மணல் பார்க்க அழகுதான். ஆனால் மிக நுண்ணியது, இரும்புத் துருவின் சாயம் படிந்தது, எத்தனை முறை கழுவினாலும் செந்நீர் விடும். சாதாரணக் கடல்மணலில் சிப்பித்தூள் இருக்கும். அதுவும் மார்பிளின் வேலையைத்தான் செய்யும். பட்டறைகளில் துரு நீக்கப் பயன்படும் கறுப்புக் கசடு கண்ணாடிபோல் மின்னும், விலையும் மலிவு. ஆனால் அது தாமிரம் உருக்கிய கசடாக இருக்கலாம். தாமிரம் சிறிதளவு கசிந்தாலும் நத்தையும் இறாலும் மடியும்.

இப்போது நம் கல்லுக்கு வருவோம். மும்பை நகரம் நிற்பதே எரிமலைக் குழம்பு உறைந்த பாறையின்மேல். ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பெருகிய குழம்பு அடுக்கடுக்காக இறுகிற்று. அதற்கு பசால்ட் என்று பெயர். அந்தேரியிலுள்ள கில்பர்ட் குன்று அந்தக் கல். கன்ஹேரிக் குகைகளும் எலிஃபண்டா குகைகளும் அந்தக் கல்லில் குடையப்பட்டவை. லோக்கல் ரயிலில் போகும்போது தண்டவாளத்தின் இடையே கிடக்கிறதே, அதுவும் அந்தக் கல்தான். (அங்கிருந்து மட்டும் எடுத்துவிடாதீர்கள். எண்ணெயும் கழிவும் படிந்த கல் அது, ரயில்வேயின் உடைமையும்கூட.) நம் ஊரில் கருங்கல் என்று சொல்வது பெரும்பாலும் சாம்பல் நிறமுள்ள வேறு பாறை. பசால்ட் அதைவிடக் கருமையானது, நனைந்தால் இன்னும் கருக்கும். இறுகிய கல் அது; தொட்டி நீரில் கரைவதில்லை.

கட்டடப் பொருள் விற்கும் கடையில் இதை உடைத்து அளவுவாரியாக வைத்திருப்பார்கள். மராத்தியர் ‘கடி’ என்பர். நமக்கு வேண்டியது கான்கிரீட்டிற்குப் போடும் பெரிய ஜல்லி அல்ல; கால் அங்குலத்திற்கும் சிறிய சிப்ஸ். 2 முதல் 5 மில்லிமீட்டர், அதாவது உளுந்தம்பருப்பு, கடலைப்பருப்பு அளவு சிறந்தது. அதைவிடப் பெரிதானால் இடுக்குகளில் தீனி விழுந்து அழுகும். அதைவிடப் பொடியானால் இறுகிப்போய்க் காற்றோட்டமின்றிக் கெடும். ஒரு கோணிப்பை வாங்கினால் வெளிநாட்டு மண்ணின் விலையில் மிகச் சிறு பங்குகூட ஆகாது. பழக்கமான மேஸ்திரி நம் சபையில் இருந்தால் ஒரு வாளி இலவசமாகவே கிடைக்கும். ஒன்றை மட்டும் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்: சிமெண்ட் மூட்டைகளின் அருகே, சிமெண்ட் சிந்திய இடத்தில் கிடந்த குவியலாக இருக்கக்கூடாது. சிமெண்ட்டின் காரம் மீனைக் கொன்றுவிடும்.

பிற நகரங்களில் வாழ்வோருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். புனே, நாசிக், சூரத் ஆகிய இடங்களிலும் பசால்ட்தான். கொல்கத்தாவில் பாக்கூர் சிப்ஸ் என்று கேளுங்கள். ராஜ்மஹால் மலைகளின் எரிமலைக் கல் அது, நல்ல கருமை. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் நிறக் கிரானைட் சிப்ஸ். கரி போன்ற கருமை இராவிட்டாலும் வெள்ளைக் கல்லைவிட எவ்வளவோ மேல். தில்லியில் பதர்ப்பூர் என்ற பெயரில் விற்கும் செம்பழுப்புக் கரட்டு மணலைச் சலித்துப் பயன்படுத்தலாம். தரை முழுக்கறுப்பாக இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஆற்றடியில் கிடக்கும் பழுப்பும் சாம்பலும் கலந்த நிறமே மீனுக்குப் பழக்கமானது. முழுக்கறுப்பில் மீனின் கழிவும் மீந்த தீனியும் பளிச்சென்று தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கலப்பு நிறத்தில் அது அவ்வளவாகத் தெரியாது.

வாங்கிய கல்லைச் சோதிக்க வேண்டும். பசால்ட்டில் சில இடங்களில் சிறு குழிகள் இருக்கும். அவற்றில் வெள்ளைக் கனிமம் நிறைந்திருக்கும். அது சியோலைட் என்ற தீங்கற்ற பொருளாகவும் இருக்கலாம், கால்சைட் என்ற சுண்ணாம்புக் கல்லாகவும் இருக்கலாம். வெண்புள்ளியுள்ள நான்கைந்து கற்களைப் பொறுக்கி, நுணுக்கி, உலர்ந்த தட்டில் வைத்து வினிகரைச் சொட்டுங்கள். பக்கத்தில் அதேபோல் இன்னொரு குவியலில் வெறும் தண்ணீரைச் சொட்டுங்கள். உலர்ந்த கல்லிலிருந்து காற்று வெளியேறும்போதும் குமிழி வரும். அது தண்ணீரிலும் வரும். வினிகரில் மட்டும் நுரைபோல் தொடர்ந்து பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. வெண்புள்ளிக் கற்கள் சிலவே என்றால் பொறுக்கி எறிந்துவிடலாம். நிறைய இருந்தால் வேறு குவியல் பாருங்கள். கழிவறை கழுவும் அமிலத்தால் சோதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம்.

வினிகர் வீரியம் குறைந்தது. எனவே இரண்டாம் சோதனையும் நல்லது. ஒரே குழாய் நீரை இரண்டு பாத்திரங்களில் எடுத்து, ஒன்றில் கழுவிய கல்லைப் போட்டு, ஒரு வாரம் மூடி வையுங்கள். பிறகு இரண்டையும் பி.எச். சொட்டு மருந்தாலோ, ஆர்.ஓ. பொருத்துகிறவர்கள் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டராலோ அளந்து பாருங்கள். இரண்டிற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லையென்றால் கல் நல்லது.

எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்கிடுவது எளிது. தொட்டியின் நீளத்தையும் அகலத்தையும், வேண்டிய கனத்தையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். லிட்டரை ஒன்றரையால் பெருக்கினால் ஏறத்தாழ கிலோ. நம் சகோதரியின் இரண்டடித் தொட்டி 60-க்கு 30 சென்டிமீட்டர். 4 சென்டிமீட்டர் கனத்திற்கு 7.2 லிட்டர், அதாவது சுமார் 11 கிலோ. சலிக்கும்போது தூளும் பெரிய கல்லும் கழியும். ஆகவே 16 கிலோ வாங்கினால் சரியாக இருக்கும். நீரும் கல்லும் கண்ணாடியும் சேர்ந்து அத்தொட்டி 65, 70 கிலோவரை கனக்கும். மாடி வீட்டில் பலகைத் தளமாக இருந்தால் நடுவில் வைக்காமல் சுவரோரமாக, விட்டத்தின்மேல் வரும்படி வைக்கவும்.

கழுவுவதுதான் பெரிய வேலை. குழாயில் நீர் வரும் நேரம் குறைவு என்பதை நான் அறிவேன். முதலில் உலர்ந்த நிலையிலேயே சல்லடையில் சலித்துத் தூளை நீக்கிவிட்டால் பாதித் தண்ணீர் மிச்சம். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். கல்தூள் நுரையீரலுக்கு ஆகாது. பிறகு மூன்று கிலோ வீதம் வாளியில் போட்டு, அரிசி களைவதுபோல் களைந்து ஊற்றவும். ஆறேழு தடவைக்குப் பின் நீர் தெளியும். களைந்த நீரை அப்படியே சாக்கடையில் ஊற்றினால் தூள் படிந்து அடைத்துக்கொள்ளும். கீழ்வீட்டாரோடு சண்டை வரும். வாளியில் தெளியவிட்டு, மேல்நீரைக் கழிவறைக்கும், அடிச்சேற்றைப் பூந்தொட்டிக்கும் ஊற்றுங்கள். சோப்பு கூடவே கூடாது. அடுப்பில் கல்லை வறுக்கவும் கூடாது. ஈரம் புகுந்த கல் வெடித்துச் சிதறும். கொதிநீரை ஊற்றி ஆறவைத்தால் போதும். இந்தக் கல்லின் தூளில் இரும்புக் கனிமமும் சிறிது உண்டு. நன்றாகக் கழுவாவிட்டால் அது ஃபில்டர் மோட்டாரின் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு தேய்க்கும்.

இந்தக் கல் எல்லா மீனுக்கும் ஆகாது. இயந்திரத்தில் உடைத்ததாதலால் விளிம்பு கூர்மையாக இருக்கும். நடுநீரில் நீந்தும் டெட்ரா, பார்ப், கப்பி, தானியோ இவற்றிற்குக் கவலையில்லை. ஆனால் மீசையால் தரையைத் துழாவும் கோரிடோராஸ் மீன்களுக்கு மீசை தேய்ந்து புண்ணாகும். நம் ஊர் அயிரையை ஆசையாக வளர்ப்பவர்களும் உண்டு; அது மணலில் தலை புதைத்து ஒளியும் மீன், அதற்கு வழவழப்பான ஆற்றுமணல்தான் வேண்டும். அத்தகையோர் தொட்டியின் முன்பாதியில் மென்மணலும் பின்பாதியில் கருங்கல்லுமாகப் பிரித்துக்கொள்ளலாம். கோல்டு ஃபிஷ் வைத்திருப்பவர்கள் இதைத் தவிர்க்கவேண்டும். அது கல்லை வாயில் போட்டு மென்று துப்பும் மீன். பருப்பளவுக் கல் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அதற்கு வாயில் நுழையாத பெரிய கூழாங்கற்களே தகும். இன்னொன்று: மிஸ் கேரளா என்று விற்கப்படும் டெனிசன் பார்ப் கருந்தரையில் மிக அழகாகத் தெரியும் என்று கடையில் சொல்வார்கள். மதராஸ் கவர்னராயிருந்த சர் வில்லியம் டெனிசனின் பெயரை ஃபிரான்சிஸ் டே 1865-இல் அதற்கு இட்டார். அரையடி வரை வளரும், கூட்டமாக ஓடும் மீன் அது. நம் மலையோடைகளில் அருகிவருகிறது. இரண்டடித் தொட்டி அதற்குச் சிறைச்சாலை. வாங்காதீர்கள்.

இனி எழுதுவதை அந்தச் சகோதரியும், அவரைப்போல் மீன்கள் உள்ள தொட்டியில் கல்லை மாற்ற விரும்பும் அனைவரும் இரண்டு தடவை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில் மீன்கள் சாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். புதுக்கல் வந்த உற்சாகத்தில் ஞாயிறு பிற்பகல் மீன்களை வாளியில் பிடித்துவிட்டு, பழைய கல்லை முழுவதும் கொட்டி, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, தொட்டியைப் பளபளவென்று தேய்த்து, புதுநீர் நிரப்பி மீன்களை விடுவார்கள். தொட்டி கண்ணாடிபோல் இருக்கும். புதன்கிழமைக்குள் மீன்கள் மிதக்கும். பிள்ளை அழும், கல்லில் விஷம் என்பார்கள். கல்லில் விஷமில்லை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அதை நைட்ரைட்டாகவும், பின் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் பழைய கல்லின்மேலும் குடியிருக்கின்றன. அவை வளர்ந்து நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஒரே நாளில் அவற்றை வெளியேற்றினால், மீன் தன் கழிவிலேயே மூழ்கிச் சாகிறது.

ஆகவே மூன்று பங்காக மாற்றுங்கள். முதல் நாள் ஒரு முனையிலுள்ள மூன்றிலொரு பங்குக் கல்லை மட்டும், அகலமான குழாயால் நீரோடு உறிஞ்சியோ கைக்கரண்டியால் மெதுவாக அள்ளியோ எடுத்து, அந்த இடத்தில் கருங்கல்லை இடவும். மேலிருந்து கொட்டாதீர்கள், அடிக்கண்ணாடி விரிசல் விடும். சிறு கிண்ணத்தில் எடுத்து அடியில் சாய்த்துவிட வேண்டும். பத்து நாட்கள் கழித்து அடுத்த பங்கு. இன்னும் பத்து நாட்கள் கழித்துக் கடைசிப் பங்கு. இம்மாதம் முழுவதும் ஃபில்டரைத் தொட வேண்டாம். அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பஞ்சை இலேசாக அலசி மாட்டுங்கள். தீனியைப் பாதியாகக் குறையுங்கள். வாரம் ஒரு தடவை கால்பங்கு நீரை மாற்றுங்கள். புதுநீரிலுள்ள குளோரின் நீங்குவதற்குக் கடையில் விற்கும் சொட்டு மருந்தை அளவாக விடுங்கள், அல்லது ஒரு நாள் முழுவதும் காற்றுக்குழாய் ஓட வைத்திருங்கள். நீரை ஊற்றும்போது கல்லின்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் ஊற்றினால் தரை கலையாது.

முதல் மூன்றிலொரு பங்கை மாற்றியவுடனேயே மகனை உட்கார்ந்து கவனிக்கச் சொல்லுங்கள். இருண்ட பகுதியும் வெளுத்த பகுதியும் ஒரே தொட்டியில் அருகருகே இருக்கும். மீன்கள் எந்தப் பக்கத்தில் அதிகம் நிற்கின்றன என்று காலையிலும் மாலையிலும் ஒரு நோட்டில் குறிக்கட்டும்.

கல்லை வாங்குவதற்குமுன் இன்றே செலவின்றிச் செய்யக்கூடியவை இரண்டு உண்டு. தொட்டியின் பின்கண்ணாடிக்கு வெளியே கறுப்பு சார்ட் காகிதத்தை ஒட்டுங்கள். விளக்கை நாளொன்றுக்கு ஆறேழு மணி நேரத்திற்குமேல் எரியவிடாதீர்கள். மற்றது, நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்து உதிர்ந்த இலை. மும்பைத் தெருக்களிலும் பள்ளி வளாகங்களிலும் நிறைய உண்டு. சாலைப்புகை படியாத, மருந்து தெளிக்காத மரத்தடியிலிருந்து பழுப்பேறிய இலைகளை எடுத்துக் கழுவி, ஒரு நாள் ஊறவைத்து, இத்தொட்டிக்கு இரண்டு இலைகள் போடுங்கள். நீர் வெளிர் தேநீர் நிறமாகும். அழுக்கென்று எண்ணி மாற்றிவிடாதீர்கள். அமேசான் கிளையோடைகளின் நிறம் அதுதான். ஒளியும் தணியும், மீனும் துணிந்து வெளியே வரும். மூன்று நான்கு வாரங்களில் இலை நைந்ததும் எடுத்துவிட்டு வேறு போடலாம்.

செடி வேண்டுமென்றால், வெறும் கல்லில் உரமில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். வேர் தரையில் ஊன்றாத வேலம்பாசியும், கல்லில் கட்டிவிட்டால் வளரும் ஜாவா ஃபெர்னும் போதும்.

எடுத்த நீல வெள்ளைக் கற்களை எறிய வேண்டாம். மகனுடைய தம்பி தங்கைகள் விளையாடட்டும், அல்லது ஜன்னலோரத் துளசிச் செடிக்கோ கற்றாழைக்கோ மேல்பரப்பில் பரப்பலாம். அங்கே அவை மிகவும் அழகாக இருக்கும். மூன்றாம் பங்கையும் மாற்றி முடித்தபின், அந்த நோட்டில் எழுதியிருப்பதை எனக்கு அனுப்பும்படி தம்பியிடம் சொல்லுங்கள், சகோதரி.